மிட்டாதாரின் இடுங்கிய கண்கள்

“இப்ப எல்லாரும் ஐயாவோட கண்ணைப் பாருங்க” என்றாள் அந்த வழிகாட்டிப் பெண்.

பார்த்தோம். சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம், ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, நான், என் அப்பா. மிட்டா வீட்டின் முன்கூடத்தில் ஏ.சி. குளிரில் நின்றுகொண்டிருந்தோம். செருப்போடு போகலாம் என்று வாசலிலேயே சொல்லியிருந்தார்கள். அப்பா மட்டும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு வந்திருந்தார். எனக்கு அது எரிச்சலாக இருந்தது.

எதிர்ச் சுவரில் மிட்டாதார் உட்கார்ந்திருந்தார். ஆள் உயர ஆயில் பெயின்டிங். சரிகைத் தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, முறுக்கிவிட்ட மீசை, வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி. பின்னால் ஒரு சிவப்புத் திரை.

“இவ்ளோ விசாலமான கண்ணு. அதுல இருக்கிற கருணைய நீங்க எங்க நின்னு பாத்தாலும் ஃபீல் பண்ணலாம். உப்பளத்து ஜனங்களத் தன் சொந்தப் புள்ளைங்க மாதிரி பாத்த கண்ணு இது.”

அப்பா என் முழங்கையைப் பிடித்தார்.

“செல்வி, என்ன கண்ணுன்னு சொல்லுது அந்தப் பொண்ணு?”

“விசாலமான கண்ணாம்ப்பா.”

“விசாலமாவா?”

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கண் ஆபரேஷன் முடிந்து அப்போது கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. படத்துக்கு இன்னும் கிட்டே போய் அண்ணாந்து பார்த்தார். அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபது வருஷத்துக்கு மேல் அவர் இந்தப் படத்தைப் பார்க்கக் காத்திருந்தார்.

ஏன் என்று சொல்லாமல் மேலே போக முடியாது. போன வாரப் பகுதியைப் படித்துவிட்டு ஒருவர், கொஞ்சம் இனிப்பாகவும் எழுதக் கூடாதா என்று கேட்டிருந்தார். உப்பு விளைகிற மரக்காணத்துக்காரியிடம் வந்து இனிப்பு கேட்கிறார். இந்த வாரமும் அவர் மன்னிக்க வேண்டும்.

நோட்டீஸில் வந்த மசி

ஜமீன் மாதிரியே மிட்டாவெல்லாமும் ஒழிந்து எத்தனையோ வருஷமாகியும் எங்கள் பக்கத்தில் அந்தப் பெயர் ஒழியவில்லை. பிரம்மதேசம் போகிற வழியில் இருக்கிற அந்த வீடு மிட்டா வீடு. அதன் கடைசிப் பெரிய மனிதர் மிட்டாதார். உப்பளத்தில் ஏகப்பட்ட பாத்திகள் அவர்கள் கையில் இருந்தன. என் அப்பா கன்னியப்பன், அவற்றில்தான் சின்ன வயதிலிருந்து உப்பு வாரினார்.

அந்தப் பெயின்டிங்கை ஊரில் நேரில் பார்த்தவர்கள் குறைவு. முன்கூடத்துக்குள் எங்கள் ஆட்கள் போக முடியாது. ஆனால் வருஷா வருஷம் திருவிழா நோட்டீஸில் உபயதாரர் என்று தலைப்பில் போட்டு அந்தப் படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கி அச்சடிப்பார்கள். தலைப்பாகை தெரியும். மீசை தெரியும். கண் இருக்க வேண்டிய இடத்தில் இடுங்கிய இரண்டு கோடு தெரியும். மற்றதெல்லாம் மசி.

அந்த இரண்டு கோட்டுக்கு ஊரில் சொல்லாத வியாக்கியானம் இல்லை. பூசாரி, அது தியானத்தில் பாதி மூடிய கண் என்பார். உப்புப் புரோக்கர், ஆளை எடை போடுகிற கண் என்பார். கடல் ஓரத்துக்காரர்கள், தூரத்தில் வருகிற பாய்மரத்தைப் பார்க்கிற கண் என்றார்கள். நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழாவுக்கு வந்த ஒரு பிரமுகர், “எதிர்காலத்தை ஊடுருவிப் பார்த்த தொலைநோக்குக் கண்கள்” என்று முழங்கினார். நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

பிற்பாடு நான் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியை ஆனேன். முகம் வரையச் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம், கண்தான் கடைசி, கண் தப்பினால் எல்லாம் தப்பு என்று சொல்வேன். சொல்லும்போதெல்லாம் இந்த நோட்டீஸ் படம் ஞாபகத்துக்கு வரும்.

ஏனென்றால் அந்தக் கண் இடுங்கியிருந்ததற்குக் காரணம் தியானமும் இல்லை, தொலைநோக்கும் இல்லை. உப்பு. உப்பளத்தில் வெயில் மேலிருந்து மட்டும் அடிக்காது, கீழிருந்தும் அடிக்கும். வெள்ளைப் பாத்தியில் பட்டுத் திரும்பி நேராகக் கண்ணுக்குள் வரும். சின்ன வயதிலிருந்து அதில் நிற்கிறவர்களுக்குக் கண் சுருங்கிச் சுருங்கி, நிழலில் உட்கார்ந்தாலும் விரியாது. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அந்தக் கண்தான்.

மிட்டாதார் பாத்தி ஓரத்துக்கு வந்தால் குடை பிடிக்க ஒரு ஆள் கூடவே வருவான். அவருக்கு எப்படி அந்தக் கண் வரும்?

அது என் அப்பாவின் கண்.

செத்தவருக்குக் கண் திறப்பது

மிட்டாதார் உயிரோடு இருந்தவரை போட்டோ எடுக்க விடவில்லை. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று யாரோ சொன்னதை நம்பிவிட்டார். ஆயுசு அவருக்கு நன்றாகவே இருந்தது. போனபோதுதான் வீட்டுக்காரர்களுக்கு, சுவரில் மாட்ட ஒரு படம் இல்லையே என்ற கவலை வந்தது.

அந்தக் காலத்தில் செத்தவரைக் குளிப்பாட்டி, உடுத்தி, நாற்காலியில் உட்கார வைத்து, முதுகுக்குப் பின்னால் பலகை கொடுத்து போட்டோ எடுப்பது வழக்கம். மிட்டாதாருக்கும் எடுத்தார்கள். அதை வைத்துப் பெரிதாக வரைய மெட்ராஸிலிருந்து ஒரு பெயிண்டர் வந்தார். தலைப்பாகை, கோட்டு, மீசை எல்லாம் போட்டோவிலேயே இருந்தது. கண் மட்டும் மூடியிருந்தது.

அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். செத்தவரின் மகனையோ தம்பியையோ எதிரே உட்கார வைத்து, அந்தக் கண்ணைப் பார்த்து வரைந்துவிடுவார்கள். குடும்பத்துக் கண் எப்படியும் ஒத்துப்போகும் என்பது அவர்கள் நம்பிக்கை. மிட்டாதாருக்கு ஒரே மகன். அவரை உட்கார வைத்து வரைந்தார்கள். அவருக்கு அம்மா ஜாடை, உருண்டைக் கண். படத்தில் வைத்துப் பார்த்ததும் மிட்டாதாரின் சம்சாரம், “இது அவர் இல்ல” என்று சொல்லிவிட்டார். பெயிண்டர் சுரண்டிவிட்டு மறுபடி வரைந்தார். மறுபடியும் அந்த அம்மாள் அதையே சொன்னார்.

 அப்புறம் உப்பள மேஸ்திரியைக் கூப்பிட்டனுப்பி, “அந்தப் பையன அழைச்சிட்டு வா” என்றாராம்.

எந்தப் பையன் என்று மேஸ்திரி கேட்கவில்லை. பாத்தி பாத்தியாகத் தேடவும் இல்லை. நேராக என் அப்பா நின்றிருந்த வரப்புக்கு வந்து, “டேய், கால் கழுவிட்டுக் கெளம்பு” என்றார். இதை அந்த மேஸ்திரியே வெகுநாள் கழித்து அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்.

அப்பாவைப் பெற்றவள் கல்யாணத்துக்கு முன்னால் மிட்டா வீட்டில் பாத்திரம் கழுவியவள். ஒருநாள் வேலையிலிருந்து நிறுத்தி, அவசர அவசரமாக உப்பளத்தில் ஒருவனுக்குக் கட்டிவைத்தார்கள். அப்பா சீக்கிரமே பிறந்துவிட்டார். அவள் சாகும்வரை இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் குழாயடியில் சண்டை வந்தால், “வந்துட்டாரு பாரு மிட்டா வாரிசு” என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அப்பா அதைக் கேட்டுத்தான் வளர்ந்தார். நானும்தான்.

மாட்டுக்கொட்டகையில் ஒரு நாள்

பெயிண்டர் அப்பாவை மாட்டுக்கொட்டகை ஓரமாகக் கவிழ்த்துப் போட்ட கூடையின் மேல் உட்கார வைத்தார்.

“கண்ணை நல்லாத் தெறப்பா.”

“தெறந்துதாங்க இருக்குது.”

“இன்னும்.”

“இவ்ளோதாங்க தெறக்கும்.”

பெயிண்டர் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். அப்பாவின் இமையை விரலால் தூக்கிக்கூடப் பார்த்தார். விட்டதும் அது பழையபடி சுருங்கியது. சரி, இருப்பது இருக்கட்டும் என்று ஒரு காகிதத்தில் வரைந்தார். வெறும் இரண்டு கண் மட்டும். அப்பாவிடம் அதைக் காட்டினார். “தாள்ல ரெண்டு கண்ணு மட்டும் படுத்திருந்துச்சு, நெத்திலி மாதிரி” என்பார் அப்பா. பெயிண்டர் அந்தக் காகிதத்தோடு முன்கூடத்துக்குப் போனார். அப்பா பின்கட்டிலேயே நின்றார்.

கோயில் சிலைக்குக் கண் திறக்கும்போது எப்படிச் செய்வார்களோ அப்படியே அந்த வீட்டிலும் செய்தார்கள். கண் வரைந்து முடித்ததும் அதன் முதல் பார்வை நல்லதன் மேல் விழ வேண்டும். கண்ணாடி காட்டினார்கள். பசுவையும் கன்றையும் கூடத்துக்குள்ளேயே ஓட்டிவந்து காட்டினார்கள்.

அதற்கு முன்னால் மேஸ்திரி பின்கட்டுக்கு வந்து, “நீ கெளம்பு. ஐயா கண்ணு மொதல்ல ஒம்மேல விழுந்துடப் போவுது” என்று அப்பாவை விரட்டினார். கண்ணைக் கொடுத்தவன் கண்ணில் பட்டால் தீட்டு. அவர் கொல்லைப்புற வழியாகப் போய்க்கொண்டிருக்கும்போது பசுவின் கழுத்து மணி கூடத்துக்குள் கேட்டதாம்.

இதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எனக்கு ஒரு தடவைகூடச் சிரிப்பு வந்ததில்லை.

அவருக்கு என்ன வேண்டியிருந்தது

சொத்து கேட்கவில்லை. பேர் கேட்கவில்லை. அந்த வீட்டு வாசலில் போய் நின்று உரிமை கொண்டாடும் யோசனை அவருக்குக் கனவிலும் வந்ததில்லை.

“அந்த மூஞ்சில என் கண்ணு பொருந்துச்சான்னு பாக்கணும். அவ்ளோதான்” என்பார்.

அவருக்கு வேறு வழி இல்லை. மிட்டாதாரின் முகத்தை உயிரோடு இருந்தபோது அப்பா சரியாகப் பார்த்ததே கிடையாது. அவர் வந்தால் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். இடுப்புக்குக் கீழேதான் அவருக்குத் தெரிந்த மிட்டாதார். தன் முகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பெயின்டிங்கை விட்டால் வேறு எதுவும் இல்லை. ஒருவன் கண்ணை இன்னொருவன் முகத்தில் ஒட்டவைத்தால் ஒட்டாது. மகன் கண் என்றால் ஒட்டும். பெயிண்டர்களின் நம்பிக்கையை அவரும் பிடித்துக்கொண்டார்.

“ஊரே சொல்லுதேப்பா. அந்த அம்மாவே ஆள் அனுப்பிச்சிக் கூப்ட்டாங்க. இன்னும் என்ன சந்தேகம்?” என்று நான் ஒருதரம் கேட்டேன்.

“அந்தம்மாவும் ஊர்லதான இருந்தாங்க. ஊர் பேசனது அவங்க காதுலயும் விழுந்திருக்கும். பேச்ச வச்சி சொல்ல முடியாது செல்வி. மூஞ்சியப் பாத்தாத்தான் சொல்ல முடியும்.”

அந்த வீட்டுக்குள் போய் வந்தவர்களிடம் கேட்டிருக்கலாமே என்று தோன்றும். எப்படிக் கேட்பது? பொருந்தியிருக்கிறதா என்று வாயைத் திறந்தாலே எதற்குக் கேட்கிறான் என்பது கேட்டவனுக்கு விளங்கிவிடும். அப்பா யாரிடமும் கேட்கவில்லை. அந்தச் சந்தேகத்தை அவர் விடாமல் வைத்திருந்தது எனக்கு அப்போது பிடிவாதமாகத்தான் தெரிந்தது.

வயதானதும் கண்ணில் புரை விழுந்தது. புதுச்சேரிக்கு வா, ஆபரேஷன் செய்யலாம் என்று நான் கெஞ்சினேன். “பாத்த வரைக்கும் போதும்” என்று தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார். மிட்டா வீட்டைப் பழமை மாறாத விடுதியாக மாற்றிவிட்டார்கள், யார் வேண்டுமானாலும் டிக்கெட் வாங்கிக்கொண்டு சுற்றிப் பார்க்கலாம் என்று ஒருநாள் நான் சொன்னேன். மறுநாள் காலையில் வேட்டி மாற்றிக்கொண்டு, “வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்” என்று கிளம்பி நின்றார்.

கூடத்தில்

அப்படி வந்து நின்றவருக்கு எதிரேதான் அந்த விசாலமான கண் இருந்தது.

எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. முகம் முழுக்க வண்ணம் காய்ந்து வெடித்து, வற்றின ஏரியின் சேறு மாதிரி நெளிநெளியாகக் கோடு ஓடியிருந்தது. கண்ணைச் சுற்றி மட்டும் ஒரு கோடுகூட இல்லை. வழவழவென்று புதுப் பளபளப்பு. இமையெல்லாம் மேலே ஏறியிருந்தது. இரண்டு கண்மணியிலும் வெள்ளைப் புள்ளி வைத்து மினுக்கியிருந்தார்கள். என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இப்படி வைத்திருந்தால் திருத்திக் கொடுத்திருப்பேன்.

அப்பா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது நான் இல்லியே” என்றார் மெதுவாக.

 வழிகாட்டிப் பெண் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். அந்த நேரம் பார்த்து, கையில் செல்போனோடு ஒரு தம்பி உள்ளே வந்தார். மிட்டாதாரின் கொள்ளுப்பேரன். விடுதியை நடத்துவது அவர்தான். நல்லபடியாகத்தான் சிரித்தார். எல்லாம் பிடித்திருக்கிறதா என்று கேட்டார்.

“இந்தக் கண்ண மாத்தியிருக்கீங்களா தம்பி?” என்றேன்.

அவருக்கு ஆச்சரியம். “எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க? இதுவரைக்கும் யாருமே கேட்டதில்ல.”

“டிராயிங் டீச்சரா இருந்தேன்.”

“அதான பாத்தேன். ஆமா மேடம், ரெஸ்டோர் பண்ணும்போது மாத்திட்டோம். பழைய கண்ணு ரொம்ப இடுங்கி, மொறைக்கிற மாதிரி இருக்கும். கெஸ்ட் இங்கதான் உக்காந்து டிபன் சாப்பிடறாங்க. அவங்களுக்கு ஒரு மாதிரி இருக்குன்னு டிசைனர் சொன்னாங்க.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அதுவும் இல்லாம, அது எங்க கொள்ளுத்தாத்தா கண்ணே இல்ல மேடம். செத்தப்புறம் வரைஞ்ச படம். கண்ணுக்கு யாரோ உப்பளத்து ஆள உக்கார வச்சாங்களாம். எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும், வெளிய சொல்ல மாட்டோம். எதுக்கு எவன் கண்ணோ நம்ம கூடத்துல இருக்கணும்? என் போட்டோவக் குடுத்து, அதப் பாத்துப் போடச் சொல்லிட்டேன். ஃபேமிலி கண்ணாவே இருக்கட்டும்னு.”

 “அந்த எவனோ யாருன்னு தெரியுமா தம்பி?” என்று ஆரம்பித்தேன். அப்பா என் கையை அழுத்தினார். உப்பு வாரின கை, அந்த வயதிலும் வலித்தது. நான் நிறுத்திக்கொண்டேன்.

அப்பா அந்தத் தம்பியைப் பார்த்துக் கேட்டார்.

“ஏங்க, அந்தப் பழைய கண்ணு இந்த மூஞ்சிக்குப் பொருந்தியிருந்துச்சுங்களா?”

அறுபது வருஷம் யாரிடமும் கேட்காத கேள்வி. கேட்கக் கூடாத இடத்தில் போய்க் கேட்டுவிட்டார்.

தம்பி யோசிக்கவே இல்லை. “அதான் பெரியவரே காமெடி. அந்தக் கண்ணு அச்சு அசலா பொருந்தியிருந்தது. சொல்லலைன்னா யாருக்குமே தெரியாது. என் கண்ணுதான் ஒட்டவே மாட்டேன்னுடிச்சு. மூணாவது தடவ போட்டப்புறம்தான் இந்த அளவுக்காவது வந்துச்சு.”

செல்போன் அடித்தது. “ஒன் செகண்ட் மேடம்” என்று திரும்பிக்கொண்டார். அவ்வளவு நேரமும் எங்கள் எதிரே நின்று பேசியவர், அப்பாவின் முகத்தை ஒரு தடவைகூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. கறுப்புக் கண்ணாடி அப்பாவின் கையில்தான் இருந்தது.

வெளியே

பிரம்மதேசத்திலிருந்து வருகிற பஸ்ஸுக்காக ரோட்டோரப் புங்க மரத்தடியில் நின்றோம். எனக்குக் கோபம் அடங்கவில்லை. எவன் கண்ணோ, எவன் கண்ணோ என்று அந்த வார்த்தையே காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுத்தவள், ஒரு படத்தைக் கிழிக்க வேண்டும் என்று நினைத்தது அன்றைக்குத்தான்.

ஆனால் அப்பாவுக்கு அவர் கேட்டது கிடைத்துவிட்டதே என்று ஒரு பக்கம் தோன்றியது. படம் போனால் போகட்டும். அந்த வீட்டுக்காரன் வாயாலேயே பதில் வந்துவிட்டது. அவருக்குக் கொஞ்சமாவது நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன்.

“தெரிஞ்சிக்கணும்னு நெனச்சத தெரிஞ்சிக்கிட்டல்லப்பா” என்றேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த ஆளு வாரம் தவறாம உப்பளத்துக்கு வருவாரு செல்வி. குடையில வந்து வரப்புல நிப்பாரு. நான் தலையக் குனிஞ்சிக்குவேன். அவரு குனியலியே. என் மூஞ்ச நல்லாப் பாத்திருப்பாரு. ஒரு நா, காலெல்லாம் வெடிச்சி ரத்தம் வழியுது, ஓரமா உக்காந்துட்டேன். ‘ஏன்டா குந்திக்கினு இருக்க, எழுந்து வாரு’ன்னாரு. எழுந்து வாரினேன்.”

அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

“ஊரு சும்மா சொல்லுது, ஒருவேளை நான் அவரு புள்ள இல்லியோ என்னவோன்னு வச்சிருந்தேன். அப்டின்னா அவரு மொதலாளி, நான் கூலி. மொதலாளி அப்டித்தான் பேசுவான், அதுல என்ன தப்பு இருக்குது? அத வச்சித்தான் இவ்ளோ வருசமா அந்த ஆள மன்னிச்சி வச்சிருந்தேன்.”

தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. அப்பா கையை நீட்டி நிறுத்தினார்.

“இனிமே முடியாது” என்றார்.